போனுக்குள் இருந்த வீடு

அவருடைய ஆட்டோவில் ஏறிய எல்லோருக்கும் ஒரு சந்தேகம் வரும். கைப்பிடிக்கு நடுவில், சைக்கிள் டியூபை வெட்டிச் செய்த பட்டையால் ஒரு பழைய போனைக் கட்டி வைத்திருப்பார். வண்டி எந்தப் பக்கம் போனாலும் அந்தப் போனில் ஒரு பெண்குரல், “யு டர்ன் எடுக்கவும்” என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அவர் திரும்பமாட்டார். நேராகப் போய்க்கொண்டிருப்பார்.

ஒருநாள் காலை என்னை வேலைக்கு இறக்கிவிடப் போகும் வழியில், மாட வீதியில் ஒரு மாமியையும் ஏற்றிக்கொண்டார். இருவருக்கும் கோபாலபுரம்தான். லஸ் தாண்டுவதற்குள் மாமிக்குப் பொறுக்கவில்லை.

“ஏன்ப்பா, அது திரும்பு திரும்புன்னு கத்திண்டே இருக்கே, நீ பாட்டுக்கு நேரா போறியே? கோபாலபுரம்தானே போறோம்?”

“கோபாலபுரந்தான் மாமி. அது ஒங்களுக்குச் சொல்லல.”

“பின்ன யாருக்குச் சொல்றது?”

“எனக்கு.”

“உனக்குன்னா நீ கேக்க வேண்டாமோ?”

“சாய்ந்தரம் கேப்பேன் மாமி. இப்ப சவாரி கீது இல்ல?”

மாமி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வெளியே பள்ளம் தோண்டிக்கொண்டிருந்த மெட்ரோ இயந்திரத்தைப் பார்த்தேன். விளக்கம் சொல்வதென்றால் நிறையச் சொல்லவேண்டும். அந்தப் போனுக்குப் பகலெல்லாம் போகவேண்டிய இடம் ஒன்றுதான். அதில் ‘வீடு’ என்று குறித்திருந்த இடம். அந்த இடத்தில் வீடு இல்லை.

அவர் இப்போது உயிரோடு இல்லை. அவர் பெயரை இங்கே எழுதப்போவதுமில்லை. அவர் இருந்த காலத்திலேயே பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஒரே ஆள் அவர் மனைவி, அதுவும் சண்டையின்போது மட்டும். எங்கள் வரிசைப் பிள்ளைகளுக்கெல்லாம் அவர் மாமா, அவர் மனைவி அத்தை. வரிசை என்றால் அடையாற்றங்கரையில் ஒன்றை ஒன்று ஒட்டி நின்ற குடிசைகளும் ஓட்டு வீடுகளும். அவர் வீட்டுக்கு நாலு கதவு தள்ளி எங்கள் வீடு. எங்கள் குடும்பத்தில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். ஆஸ்பத்திரிச் சீட்டு, ஸ்கூல் நோட்டீஸ், மாத்திரை அட்டை என்று அந்த வரிசைக்கே படித்துச் சொன்னவள். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமே இல்லை. நான் பி.காம். சேர்ந்த அன்றிலிருந்து அவர் என்னை ‘ஆபீசரு’ என்றுதான் கூப்பிடுவார். பாதி கிண்டல், பாதி பெருமை.

அந்தப் போன் வாங்கிய அன்று அட்டைப்பெட்டி பிரிக்காமல் என்னிடம்தான் வந்தது. எல்லாம் போட்டு முடித்த பிறகு திரையில் ஒரு கேள்வி வந்தது.

“உங்க வீடு எங்கன்னு கேக்குது மாமா. இங்க நின்னு அமுக்கிட்டா போதும். எங்க இருந்தாலும் வீட்டுக்கு வழி சொல்லும்.”

அத்தை அப்போதுதான் மீன் கூடையை இறக்கி வைத்திருந்தார். “வழி சொல்லுமா? இவுருக்கா? நல்லா ஊத்திக்கினு கெடந்தா கூடவா?”

சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அந்த நாட்களில் அவர் குடித்துவிட்டு கே.கே. நகரிலோ திருவான்மியூர் பஸ் ஸ்டாண்டிலோ ஆட்டோவுக்குள்ளேயே சுருண்டு கிடப்பார். அத்தைதான் பஸ் பிடித்துத் தேடிப்போய்க் கூட்டிக்கொண்டு வருவார்.

“தள்ளுடி, நானே அமுக்குறேன்” என்றார் அத்தை. வாசற்படியில் ஏறி நின்று, விரலை முந்தானையில் துடைத்து, முத்திரை குத்துவதுபோல் அமுக்கினார். துடைத்தும் போகாத மீன் பிசுக்கு கண்ணாடியில் ஒரு வட்டமாகப் படிந்தது. பிறகு போனைப் பார்த்துச் சொன்னார்: “தோ பாரு, இதான் வூடு. எங்க பூந்தாலும் இந்த மனுசன இங்க இட்டாந்து நிறுத்தணும்.”

நிறுத்தியது. சில மாதங்களில் அவர் குடியையும் விட்டார். எப்படி விட்டீர்கள் என்று யாராவது கேட்டால், “கையில கிளாஸ எடுத்தா ஒரு பொம்பள, திரும்பு திரும்புங்குறா. தொண்டைக்குள்ள எறங்குமா சொல்லு?” என்பார்.

பிறகு எங்கள் வரிசை இடிக்கப்பட்டது. இயந்திரங்கள் வந்தன, லாரிகள் வந்தன, நாங்கள் ஊருக்கு வெளியே எட்டு மாடிக் கட்டடங்களுக்குப் போனோம். எல்லோரும் அழுதார்கள். நான் அழவில்லை. உள்ளேயே கழிப்பறை, உள்பக்கம் தாழ்ப்பாள், படிக்க ஒரு ஜன்னல். எனக்கு ஆற்றங்கரையின்மேல் ஆசை எதுவும் மிச்சமில்லை. அங்கே மழைக்காலத்தில் புத்தகங்களைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றவள் நான்.

அத்தைக்குத்தான் அந்தக் கட்டடங்கள் பழகவில்லை. எல்லாம் ஒரே நிறம், ஒரே படிக்கட்டு, ஒரே கதவு. எண்கள் எழுதியிருந்தன, அத்தைக்கு எண் படிக்கத் தெரியாது. அடையாளத்துக்கு வாசலில் ஒரு பச்சைத் துணியைக் கட்டினார். பார்த்துவிட்டு மற்றவர்களும் அவரவர் கதவில் துணி கட்டினார்கள். ஒரு மாலை மீன் விற்றுத் திரும்பியவர் வழி தெரியாமல் நின்று, நான் ஒரே பொத்தானில் போட்டுக் கொடுத்திருந்த மாமாவின் எண்ணுக்குப் போன் செய்தார். அவர் அப்போது லஸ் முனையில் சவாரிக்காகக் காத்திருந்தார். அன்று பேசியதை அவர் என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார், ஒரு சொல் மாறாமல்.

“யோவ், வூடு தெரியலய்யா. எல்லாம் ஒரே மாரி கீது. எப்டி வர்றது, சொல்லு.”

அவருக்கும் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. கைப்பழக்கத்தில் போனில் ‘வீடு’ என்பதைத் தொட்டார். அது ஆற்றங்கரையைக் காட்டியது. “அங்கயே குந்து, தோ வரேன்” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். அவர் வந்து சேர்ந்தபோது அத்தை வேறொரு கட்டடத்தின் எட்டாவது மாடிப் படியில், மடியில் கூடையோடு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மூச்சு இல்லை. லிஃப்ட் ஓடவில்லை, இருதயம் தாங்கவில்லை என்றார்கள்.

அவர் அப்படிச் சொல்லவில்லை. “எட்டு மாடியும் ஏறிக்கிறா. ஏறிப் பாத்தா அங்க வூடு இல்ல. திரும்பிப் போய்ட்டா.”

“எங்க மாமா?”

போனைக் காட்டினார்.

அன்றிலிருந்து அந்தப் போனில் ‘வீடு’ அணையவே இல்லை. வண்டி பேட்டரியிலிருந்து ஒரு ஒயரை இழுத்துச் செருகி வைத்தார். நான் வேலைக்குப் போகத் தொடங்கியபின் மாலையில் தி. நகரிலோ கோபாலபுரத்திலோ என்னை ஏற்றிக்கொள்வார். இருவரும் ஒரே கட்டடத்துக்குத்தானே போகவேண்டும். ஆனால் நேராகப் போகமாட்டார். சவாரி முடிந்து அவர் வண்டியைத் திருப்பியதும் அந்தக் குரலில் யு டர்ன் நின்றுவிடும். “நேராகச் செல்லவும்.” அவர் “ம்” என்பார். “இடதுபுறம் திரும்பவும்.” “சரி, சரி.” சில நாள், “அட, அங்க தோண்டிப் போட்டுக்கிறான், ஒனக்கு இன்னா தெரியும்” என்று சண்டையும் போடுவார். ஆற்றை ஒட்டித் தகரத் தடுப்பு அடித்திருந்த இடத்தில், “உங்கள் சேருமிடத்தை அடைந்துவிட்டீர்கள்” என்று அது சொல்லும். இன்ஜினை அணைப்பார். தடுப்பில் ஒரு தகடு பெயர்ந்திருக்கும். அதன் வழியாக உள்ளே போய்க் கொஞ்ச நேரம் கழித்து வருவார். நான் வண்டியிலேயே உட்கார்ந்து என் போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன். உள்ளே என்ன செய்கிறார் என்று கேட்டதில்லை.

அதற்குப் பிறகுதான் எனக்குப் பிடிக்காத பகுதி. வண்டி அங்கிருந்து கிளம்பியதும் அந்தக் குரல் மறுபடி தொடங்கும். யு டர்ன் எடுக்கவும். திருவான்மியூர் தாண்டி, நீளமான அந்த ஐ.டி. சாலை முழுக்க, கட்டடத்தின் வாசல் வரைக்கும், யு டர்ன் எடுக்கவும். நாங்கள் உறங்கப்போகும் இடத்தை அது ஒருநாளும் வீடு என்று ஒத்துக்கொண்டதில்லை.

ஒருநாள் சொன்னேன்: “மாமா, வீட்ட மாத்திடட்டுமா? ஒரு அமுக்குதான். இந்த பில்டிங்குன்னு போட்டா கத்தாது.”

வண்டியை ஓரம் கட்டி, திரும்பி உட்கார்ந்து என்னைப் பார்த்தார். “வூட்ட மாத்த ஒரு அமுக்கு போதுமா ஆபீசரு? எல்லாரும் அப்டித்தான் சொல்றாங்க.”

அதன்பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மழை நாள் ஒன்றில் மட்டும் எடுத்திருக்கலாமோ என்று தோன்றியது. அன்று வானம் இருட்டிக்கொண்டு போனுக்கு இடம் சரியாகப் பிடிபடவில்லை. தடுப்புக்குப் பக்கத்தில் வந்தும் அது வந்துவிட்டதாகச் சொல்லவில்லை. போனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே போனார். “உங்கள் சேருமிடம் இடதுபுறம் உள்ளது” என்ற குரல் எனக்கும் கேட்டது. இடதுபுறம் ஆறு. நான் இறங்கி ஓடியபோது அவர் செருப்பு சேற்றில் புதைந்து நின்றது, அவர் வெறுங்காலோடு முழங்கால் தண்ணீரில் இருந்தார். சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன்.

“அது சொல்து இல்ல?” என்றார், நான்தான் ஏதோ தெரியாமல் செய்வதுபோல.

அவர் மகள் ரேவதி என் வயது. குவைத்தில் ஒரு வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கும் கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. வரிசை இடிபடும் முன்பே போய்விட்டாள். இணையத்தில் முகம் பார்த்துப் பேசும் செயலியில்தான் தினமும் அப்பாவிடம் பேசுவாள். அம்மாவின் சாவையும் அவள் அதில்தான் பார்த்தாள். பாடையைச் சுற்றி என் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தது நான்தான். “கிட்ட போடி, இன்னும் கிட்ட போ” என்று அவள் அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது.

ஒருநாள் அந்தச் செயலி அவர் போனில் திறக்கவில்லை. ‘இந்தக் கருவியில் இனி இயங்காது’ என்று எழுதியிருந்ததைப் படித்துச் சொன்னேன்.

“அதுக்கு இன்னா கோவம்?”

“போன் பழசாயிடுச்சு மாமா. புதுசு வாங்கணும்.”

“போன் நல்லாத்தானே கீது? ஆப்பு வேணாம்னா ஆப்பு போவட்டும்.”

ரேவதி விடவில்லை. ஊருக்கு வந்த ஒருவரிடம் புதுப் போன் கொடுத்தனுப்பினாள். அதில் நான் கண்ணும் கருத்துமாக அதே ஆற்றங்கரை இடத்தைத் தேடி ‘வீடு’ என்று குறித்தேன். அவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “இது நீ வெச்சது. இது அவ வெச்சது” என்று பழையதை எடுத்துக் கைப்பிடியில் கட்டினார். சரி, இரண்டும் இருக்கட்டும் என்று புதியதற்கு வேறு சிம் வாங்கிக் கொடுத்தேன். கைப்பிடியில் பழசு, சட்டைப்பையில் புதுசு. கொஞ்ச நாள் எல்லாம் நன்றாக நடந்தது.

ஒரு மாலை அவர் தடுப்புக்குள் இருந்த நேரம் பார்த்து ரேவதி அழைத்துவிட்டாள். எடுத்துவிட்டார்.

“எங்கப்பா கீறே?”

“வூட்ல.”

அவர் முதுகுக்குப் பின்னால் அவளுக்குத் தெரிந்தது முள்ளுச்செடியும் ஆறும். உடனே என்னை அழைத்தாள். வண்டியில் உட்கார்ந்திருந்த நான் எல்லாவற்றையும் சொன்னேன், மழை நாளையும் சேர்த்து. சொன்னது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அவள் அம்மாவைத் திரையில் பார்த்து அனுப்பியவள். அப்பாவையும் அப்படிப் பார்க்கவைக்க எனக்கு மனமில்லை.

அதன்பிறகு தினமும் அதே நேரத்துக்கு அந்த அழைப்பு வரும். “எங்க கீறே? சுத்திக் காமி. அந்தப் பக்கம் காமி.” சட்டைப்பைக்குள் அது அடிப்பதும், கைப்பிடியில் இது பேசுவதும் ஒரே நேரத்தில் கேட்கும். கடைசியில் ரேவதி என்னிடம் சொன்னாள்: “ஒண்ணு நானு, இல்லாட்டி அந்தப் போனு. கேட்டுச் சொல்லுடி.”

அடையாறு சிக்னலில் நின்றிருந்தோம். நான் அதை அப்படியே சொன்னேன். பச்சை விழுந்தது. அவர் சட்டைப்பையிலிருந்து புதுப் போனை எடுத்துப் பின்னால் என்னிடம் நீட்டினார்.

“ஊருக்கு வந்தா அவகிட்ட குடுத்துரு.”

“அப்ப ரேவதி வேணாமா மாமா?”

“அவ எங்க கீறான்னு எனக்குத் தெரியும். குவைத்துல கீறா. கூட நாலு பேரு கீறாங்க. இவளுக்கு யாரு கீறா, சொல்லு?”

பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். வண்டியை எடுத்தார்.

ரேவதி சொன்னபடியே பேச்சை நிறுத்தினாள். பழைய போன் எண்ணுக்கும் அழைக்கவில்லை. அவர் மெலிந்துகொண்டே வந்தார். தினமும் நான் ஏறி உட்கார்ந்ததும் கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்பார்.

“இன்னா ஆபீசரு, எதுனா பேசினாளா?”

“பேசினா.”

“துன்னாளாமா?”

“சாப்டாளாம்.”

“என்னப் பத்திக் கேட்டாளா?”

“இல்ல மாமா.”

பொய் சொல்லியிருக்கலாம், எனக்கு வராது. அவரும் கோபப்படமாட்டார். “அவ அம்மா மாரியே புடிச்சா புடிதான்” என்பார். என் போனில் பேசச் சொன்னால் தலையை ஆட்டிவிடுவார். அவள் படத்தைக் காட்டினால் மட்டும், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்ப்பார். தொடமாட்டார்.

விடுமுறை கிடைத்து ரேவதி வந்தபோது விமான நிலையத்துக்கு நானும் அவரும் போனோம். “ஏறுனதும் மொத வேலையா அதப் புடுங்கி ஆத்துல போடப்போறேன்” என்று என்னிடம் முன்பே சொல்லியிருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் பெட்டியை நீட்டினாள். அவர் அதை வாங்கிப் பின்னால் வைத்தார். ஒரு தடவை அவள் தோளைத் தொட்டு, உடனே கையை எடுத்துக்கொண்டார். மாலை வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. சைதாப்பேட்டை தாண்டி வரும்வரை அந்தக் குரல் ஒன்றுதான் பேசியது. ரேவதி அதை உற்றுக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

தடுப்பருகில் வண்டி நின்றது. சேர்ந்துவிட்டதாகக் குரல் சொன்னதும் ரேவதி இறங்கினாள். டியூப் பட்டையை ஒரே இழுப்பில் அவிழ்த்துப் போனைக் கையில் எடுத்தாள். அவர் தடுக்கவில்லை. அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் பெயர்ந்த தகட்டின் வழியே உள்ளே போனார். அவள் பின்னால் போனாள். எனக்குப் பயமாக இருந்தது. நானும் இறங்கிப் போனேன்.

உள்ளே நான் நினைத்ததுபோல் காடாக இல்லை. முள்ளை வெட்டி ஒரு ஒற்றையடிப் பாதை இருந்தது. உடைந்த ஓடுகளை ஓரமாக ஒதுக்கியிருந்தார். அதன் முடிவில் தரை மட்டும் மிஞ்சிய ஒரு சிமெண்ட் துண்டு, நன்றாகப் பெருக்கி, தண்ணீர் தெளித்து. அவ்வளவுதான். மேலே வானம், பக்கத்தில் ஆறு. அவர் அதன் விளிம்புக்குப் போனதும் தலையைத் தாழ்த்தி, முதுகை வளைத்து, உள்ளே காலை வைத்தார். எங்கள் வரிசை வீடுகளுக்கெல்லாம் வாசல் நிலை தாழ்வு.

ரேவதி வேகமாகப் போனாள், போனை இறுக்கிப் பிடித்தபடி. விளிம்பில் அவளும் தலையைத் தாழ்த்தினாள். தான் செய்தது அவளுக்குத் தெரிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. வீடு இருக்கும்போது கிளம்பிப் போனவள் அவள். உள்ளே நிமிர்ந்து நின்று, நாலு பக்கமும் பார்த்தாள்.

“எங்க நின்னுப்பா அமுக்குச்சு அம்மா?”

“நீ நிக்கிறியே, அங்கதான்.”

அவள் காலைச் சட்டென்று நகர்த்திக்கொண்டாள். போனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு புடவைத் தலைப்பால் அதைத் துடைக்கப்போய், துடைக்காமல், அப்படியே அப்பாவின் கையில் வைத்தாள்.

நான் வெளியே நின்றுகொண்டிருந்தேன். நாலு கதவு தள்ளி எங்கள் வீடு இருந்த இடம் முள்ளுக்குள் கிடந்தது. அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

“இன்னா ஆபீசரு, வாசல்லயே நின்னுக்கினு?” என்றார். “உள்ள வா.”

நான் அடியெடுத்து வைத்தேன்.

“பாத்து. தல, தல.”

ரேவதி கையைத் தூக்கினாள். நிலை என் நெற்றியில் இடித்துவிடாமல், வெறும் காற்றில், உள்ளங்கையை வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

நான் குனிந்து உள்ளே போனேன்.